அதேதான் சார்

விடை தெரியாதவர்களால் இந்த உலகத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். விடை தெரிந்தவர்களாலும் தொல்லை இல்லை. கேட்டால் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இனம் உண்டு. விடையைச் சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிற இனம். நீங்கள் யோசித்துச் சொன்னால் அவர்கள் முகம் கோணும். யோசிக்காமல், பையில் இருப்பதை அப்படியே சொன்னீர்களானால், "பார்த்தீங்களா, யோசிச்சதும் வந்துடுச்சு!" என்று முதுகில் தட்டுவார்கள்.

இந்த இனத்தை நீங்கள் எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நன்றாக விளைந்து முற்றிய நிலையில் பார்க்கவேண்டுமானால் அறிவியல் வகுப்பறைக்குத்தான் வரவேண்டும். ஏனென்றால், பிள்ளைகளை யோசிக்கவைக்க வேண்டும் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உத்தரவு போட்டிருக்கிற இடம் அது ஒன்றுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த மேசை, அறிவியல் ஆசிரியரான நம்மவருடையது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அதேதான் சார்'. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவருடைய ஆய்வகச் சுவரில் "ஏன்? எப்படி? எதனால்?" என்று மூன்று வண்ணத்தில் எழுதியிருப்பார். அதற்குக் கீழே, கறுப்பில், "அமைதி காக்கவும்". இந்த இரண்டு வாசகத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணில்தான் பதினெட்டு வருடமாக அறிவியல் நடந்துகொண்டிருந்தது.

அவரிடம் மூன்று வசனங்கள் உண்டு. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணை வகுப்பு முழுவதும் மேயவிடுவார். முதல் பெஞ்சிலிருந்து புத்தக வரி வந்தால், ஆள்காட்டி விரல் துப்பாக்கிபோல நீளும்: "அதேதான்!" வேறு ஏதாவது வந்தால், "யோசி... நல்லா யோசி." இதற்கு அர்த்தம், 'இவ்வளவு நேரம் யோசித்ததைக் கீழே போடு' என்பது. சங்கடமான கேள்வி வந்தால், "அது அடுத்த வருஷப் பாடம்." அடுத்த வருடம் அதே பிள்ளை அதே கேள்வியோடு வந்து நின்றால்? "அதெல்லாம் போன வருஷமே முடிச்சாச்சே!"

அவருடைய ஆய்வகத்தில் எந்தச் சோதனையும் தோற்றது கிடையாது. தண்ணீர் எல்லா வெப்பமானியிலும் சரியாக நூறு டிகிரியில் கொதிக்கும், பாதரசம் அறுந்துபோன வெப்பமானியிலும்கூட. பிள்ளைகள் செய்முறை நோட்டில் முதலில் 'முடிவு' எழுதுவார்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி 'அளவீடு' எழுதுவார்கள், படம் வரைந்து வண்ணம் தீட்டுவார்கள், அதற்கப்புறம் மணியடிக்க நேரம் மிச்சமிருந்தால் சோதனையையும் செய்து பார்ப்பார்கள்.

சோதனை நடக்கும்போது ஒரு பிள்ளையும் மேசையைப் பார்க்காது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் கொஞ்சம் ஏறினால் விடை கிட்டத்தில் இருக்கிறது, உதடு சுருங்கினால் தப்பு, இடது காலை முன்னால் வைத்தால் 'அதேதான்' கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கவனித்தல், ஊகித்தல், சொல்லிப் பார்த்தல், முடிவுக்கு வருதல் என்று அறிவியல் முறையின் எல்லாப் படிகளும் அந்த வகுப்பில் பழுதில்லாமல்தான் நடந்துகொண்டிருந்தன. ஆராயப்பட்ட பொருள்தான் வேறு.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளை ஒரு சொல் கடுமையாகச் சொல்லமாட்டார். காய்ச்சலில் படுத்த பிள்ளையின் வீட்டுக்குப் பாடக் குறிப்பைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய ஒரே ஆசை, எல்லாரும் சரியான விடையோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது. அந்த விடைக்கு எந்த வழியாக வந்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாணவர்களின் அறிவியல் சிந்தனையை வளர்க்கவேண்டும். மாத முடிவுக்குள் வளர்த்து முடிக்கவேண்டும். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து, வளர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிற ஒரு பதவி காலியாக இருந்தது. நம்மவர் அதற்கு இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டு தடவையும் கைநழுவவிட்டவர். இந்த வகுப்பைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தலைமையாசிரியர் அவர் காதில் போட்டுவைத்தார்.

நம்மவர் தேர்ந்தெடுத்த சோதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்க்கவேண்டும். சுடர் அணையும், தண்ணீர் ஜாடிக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்பது புத்தகத்தின் விளக்கம். அவருடைய ஜாடியில் சிவப்புப் பெயிண்டால் ஐந்து சம பாகமாகக் கோடு போட்டிருந்தார். பதினெட்டு வருடமாகத் தண்ணீர் முதல் கோட்டில் வந்து, பழகிய மாடு தொழுவத்தில் நிற்பதுபோல நின்றது.

வகுப்பு தயார், சோதனை தயார். சிந்தனை? அதற்கும் ஏற்பாடு செய்தார். புதன்கிழமை நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கேள்வி எழுதிய சீட்டைக் கொடுத்தார். தட்டில் ஏன் தண்ணீர் என்பது ஒன்றாம் கேள்வி. சுடர் ஏன் அணைந்தது என்பது இரண்டு. தண்ணீர் ஏன் ஏறியது என்பது மூன்று. காற்றில் ஆக்ஸிஜன் எத்தனை பங்கு என்பது நான்கு. அப்புறம் ஒத்திகை. நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"சார், தட்டுல ஏன் சார் தண்ணி?" என்றான் ஒன்றாம் எண்காரன்.

"மனப்பாடம் பண்ணின மாதிரி இருக்கு. தானா கேக்குற மாதிரி கேளு."

"சார்... தட்டுல... ஏன் சார் தண்ணி?"

"நடுவுல கொஞ்சம் தலையச் சொறி. திடீர்னு தோணின மாதிரி."

மூன்றாவது தடவையில் திடீரென்று தோன்றியது.

நான்காம் எண் சீட்டு அவருடைய சொந்த மகளிடம் இருந்தது. எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் 'சார்', வெளியே வந்தால் 'அப்பா' என்று கூப்பிடப் பழகியவள். சில நாள் வாசல்படியிலேயே நின்று எதைச் சொல்வது என்று குழம்புவாள். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். என் சர்க்கரையைப் பார்க்கப் போனபோது, ஊசி வலி தெரியாமலிருக்கச் சொன்ன கதை அது.

நம்மவர் சமையலறைத் தொட்டியில் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாராம். மகள் பக்கத்தில் வந்து நின்றாளாம்.

"அப்பா, மெழுகுவர்த்தி எரியுறப்போ தண்ணி ஏறவே இல்லியே. அணைஞ்சதுக்கப்புறம்தானே சட்டுனு ஏறுது?"

"பாடத்துல சந்தேகம்னா ஸ்கூல்ல கேளும்மா. வீட்டுல நான் உனக்கு அப்பா."

"ஸ்கூல்ல கேட்டேனே. 'வீட்டுல கேளு'ன்னீங்க."

"அது, மத்த பிள்ளைங்க நேரம் வீணாப் போகுமேன்னு சொன்னேன்."

"இப்ப யாரு நேரம் போகுது?"

அப்போதுதான் வேலை முடிந்து வந்து பையை ஆணியில் மாட்டிய மனைவி கேட்டாராம், "அவ என்ன கேக்குறா? ஏறுதா இல்லையா, அத சொல்லிட்டுப் போங்களேன்."

"புத்தகத்துல அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"எங்க லேப்ல மெஷின் காட்டுறத விட்டுட்டுப் புத்தகத்துல இருக்குற நம்பர எழுதினா, ஊர்ல ஒருத்தருக்கும் வியாதியே இருக்காது. எல்லாரும் நல்ல ரிப்போர்ட்டோட போய்ச் சேர வேண்டியதுதான்."

நம்மவர் ஜாடியைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு மகளிடம் இறங்கி வந்தாராம். "நாளைக்கு ஒரு நாள் மட்டும்மா. சீட்டுல இருக்குறத மட்டும் கேளு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீ என்ன வேணும்னாலும் கேளு."

"சரிப்பா" என்றாளாம். சொன்ன சொல் தவறாத பெண். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்ததில் அவள்மேல் குற்றமில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிற பழக்கம் உள்ளவர். கடைசி பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க, வேடிக்கை பார்க்க வந்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்மவர் மெழுகுவர்த்தியை ஏற்றினார், ஜாடியைச் சுடருக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தார், கவிழ்த்தார். சுடர் அணைந்தது. தண்ணீர் ஏறி முதல் கோட்டில் நின்றது. ஒன்றாம் எண்காரன் தலையைச் சொறிந்தான், கேட்டான், விடை கிடைத்தது. இரண்டாம் எண்காரி கேட்டாள், அதுவும் ஆயிற்று. அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்து மூன்றாம் கேள்வி வரவேண்டும்.

மூன்றாம் எண்காரன் வரவில்லை. அம்மைபோட்டு வீட்டில் படுத்திருந்தான். நம்மவர் காத்திருந்தார். பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் இதுவரை பார்த்திராத ஏதேதோ ஓடியது. கடைசியில் அவரே, "இந்த நேரத்துல உங்கள்ல ஒருத்தருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். தண்ணி ஏன் ஏறுச்சுன்னு!" என்று கேள்வியையும் கேட்டு, பதற்றத்தில் ஆக்ஸிஜன், ஐந்தில் ஒரு பங்கு, முதல் கோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிப் பலகையிலும் எழுதிவிட்டார். அதாவது நான்காம் கேள்விக்கான விடையும் அதோடு போய்விட்டது.

தன் முறை வந்ததும் மகள் எழுந்து நின்றாள். சீட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். கேட்கவேண்டியதற்கு விடை ஏற்கெனவே அங்கே இருந்தது. மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"கேளும்மா, கேளு" என்று அவசரப்படுத்தினார் நம்மவர்.

என்ன செய்வாள் பாவம்? தன்னிடம் மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சார், மெழுகுவர்த்தி எரியுறப்போ தண்ணி ஏறல. அணைஞ்சப்புறம்தான் ஏறுச்சு. ஆக்ஸிஜன் தீர்றதால ஏறுதுன்னா, எரியுறப்பவே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கணும் இல்ல சார்?"

"யோசி. நல்லா யோசி."

"யோசிச்சுட்டேன் சார்."

பின் பெஞ்சுகளில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. நம்மவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அது அடுத்த வருஷப் பாடம்."

"அடுத்த வருஷமா?" என்றார் என் பக்கத்திலிருந்த அதிகாரி, கண்ணாடியைக் கீழே இறக்கி. "அந்தப் புத்தகம் எழுதினப்போ நானும் கூட உக்காந்திருந்தேன் சார். அதுல மெழுகுவர்த்தி எங்கயும் வரலியே." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிற, சொல்லு" என்றார்.

"நெருப்புனால ஜாடிக்குள்ள இருக்குற காத்து சூடாகி விரிஞ்சு கொஞ்சம் வெளியே போயிடுது. அணைஞ்சதும் மிச்சக் காத்து குளிர்ந்து சுருங்குது. அதனால தண்ணி உள்ள வருது. அப்படித்தான் நினைக்கிறேன் மேடம். சரியான்னு தெரியாது."

"எப்படித் தெரிஞ்சுக்கலாம்?"

அவள் கொஞ்ச நேரம் ஜாடியையே பார்த்தாள். அந்த வகுப்பில் அவளைத் தவிர ஜாடியைப் பார்த்தவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். "மூணு மெழுகுவர்த்தி வச்சுப் பார்க்கலாம். ஜாடி அதேதான், ஆக்ஸிஜனும் அதே அளவுதான். சார் சொல்றது சரின்னா தண்ணி அதே கோட்டுலதான் நிக்கணும். நான் சொல்றது சரின்னா சூடு அதிகம், இன்னும் மேல ஏறணும்."

அதிகாரி வகுப்பைக் கைதூக்கச் சொன்னார். சார் பக்கம் முப்பத்தொரு கைகள். மகள் பக்கம் நான்கு. முதல் பெஞ்சுக்காரன் ஒருவன் இரண்டு கையையும் சார் பக்கமே தூக்கினான்.

மூன்று மெழுகுவர்த்தியும் எரிந்தன. நம்மவர் ஜாடியைச் சுடர்களுக்கு மேலே பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.  பிறகு ஜாடியைக் கவிழ்க்காமல் மேசைமேல் வைத்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றார். குரல் பாடம் நடத்துகிற குரல் இல்லை. "இந்த ஜாடிய எவ்வளவு நேரம் மேல புடிக்கிறோமோ அதுக்கேத்த மாதிரி தண்ணி ஏறும். சட்டுனு கவுத்தா கொஞ்சமா ஏறும். அஞ்சு எண்ணிக் கவுத்தா நிறைய. மூணு எண்ணினா முதல் கோடு. வேலைக்கு வந்த வருஷம் பலதடவ செஞ்சு பார்த்துத்தான் மூணுன்னு கண்டுபுடிச்சேன். அதுலேர்ந்து மூணு எண்ணித்தான் கவுக்குறேன். இப்பகூட எண்ணாம சீக்கிரமா கவுத்திட்டா நான் ஜெயிச்சிடுவேன்."



"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றாள் மகள்.

"கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்லல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. பதினெட்டு வருடம் அந்தக் கை எவ்வளவு தனிமையில் இருந்திருக்கும்!

அப்புறம் நம்மவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு கையையும் தூக்கிய முதல் பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டார். "நீ வா. நான் ஜெயிக்கணும்னு உனக்கு ஆசை. அதனால நீயே கவுத்து. உன் கையில எனக்கு எதிரா வந்தா எல்லாரும் நம்பலாம்." மகள் குறுக்கிட்டாள்: "ஒண்ணு வச்சப்போ மூணு எண்ணினீங்க சார். இப்பவும் மூணுதான் எண்ணணும். இல்லன்னா எதனால ஏறுச்சுன்னு சொல்ல முடியாது." எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

கவிழ்த்தான். மூன்று சுடரும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு கிளம்பி, முதல் கோட்டைத் தாண்டி, பதினெட்டு வருடமாகத் தான் பார்த்தேயிராத பிரதேசத்துக்குள் நுழைந்து, இரண்டாவது கோட்டை ஏறக்குறையத் தொட்டு நின்றது.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற கூச்சல். "அப்ப சூடுதான் காரணம்! காத்து விரிஞ்சு வெளியே போயிருக்கு!" என்று மகள் கத்தினாள்.

நம்மவருடைய இடது கால் முன்னால் வந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அதேதான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி அடித்தது, ஒருவரும் எழவில்லை. ஐஸ் தண்ணீர் வைத்தால் என்ன ஆகும், சின்ன ஜாடி வைத்தால் என்ன ஆகும், பத்து எண்ணினால் என்ன ஆகும், மெழுகுவர்த்தியே இல்லாமல் ஜாடியை மட்டும் வெந்நீரில் சூடாக்கிக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று கேள்விகள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் சீட்டுக் கிடையாது. ஒருவனும் தலையைச் சொறியவில்லை.

அந்தப் பதவி? கிடைக்கவில்லை. அதிகாரி நல்லபடியாகத்தான் எழுதினார். ஆனால் படிவத்தில் 'பாடப்புத்தக முடிவு எட்டப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் 'இல்லை' என்று உண்மையை எழுதவேண்டியதாயிற்று. வேறொரு பள்ளிக்கூடத்துக்காரர், சோதனை முடிவு தசமப் புள்ளிவரை சரியாக வந்தவர், பயிற்சியாளர் ஆனார். அவர் வந்த கையோடு பாடத்திட்டப் படிவத்தில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்தார்: 'எதிர்பாராத கேள்வி (முன்கூட்டியே குறிப்பிடவும்)'. நம்மவர் அதைக் காலியாக விட்டார். "காலியா விடக் கூடாது சார், ஏதாவது எழுதுங்க" என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். நம்மவர் 'தெரியாது' என்று எழுதி அனுப்பினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது அவர் வகுப்பில் பிள்ளைகள் விடை சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். முதல் பெஞ்சுக்காரர்களின் பாடு திண்டாட்டம். சரியான விடைக்கும் அதே முகம், தப்பான விடைக்கும் அதே முகம். "சார் பதில் சொல்லமாட்டேங்குறாரு, எங்களையே கேக்குறாரு" என்று இரண்டு பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். பதவி போனதில் வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கு. ஆனா என் பொண்ணு இப்ப எங்க பார்த்தாலும் 'அப்பா'ன்னுதான் கூப்புடுறா. ரெண்டு இடத்துலயும் கேக்குறா" என்றார்.

ஒருவர் தப்பித்துக்கொண்டதால் அந்த இனம் அழிந்துவிடுமா? அடுத்த மேசையில் நான் இருக்கிறேனே. "இந்தக் கவிதை உங்களுக்கு என்ன சொல்லுது? மனசுல பட்டதச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, உரைநூலில் இருப்பதைச் சொன்ன பிள்ளைக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, "மெஷின் பழசாயிடுச்சு போல" என்று நம்மவர் மனைவியிடமே சொன்னவனும் நான்தான். அவர் இன்னொரு ஊசியை எடுத்தார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. எங்கே போகலாம் என்று வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டு, ஏற்கெனவே எடுத்துவைத்த டிக்கெட்டை வெளியே எடுக்கிறவர் வேறு யாரோ. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி, சரியான எண் வரும்வரை மறுபடியும் ஏறுகிறவரும் வேறு யாரோ. நீங்கள் ஆதாரம் கேட்கிறவர். கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறவர்.

நல்லது. மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும் என்று இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டு வந்தீர்களே, எப்படித் தெரியும்?